எச்சில் பட்ட மெமரி

கம்ப்யூட்டருக்கும் ஞாபகம் பிசகும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் மருமகன் எட்வின்தான் பாப்பா. இந்த வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள். மகளையும் கூட்டிக்கொண்டு விருந்துக்கு வந்திருந்தார். ஆட்டுக்கறிக் குழம்பில் பிசைந்த கையைக் கழுவக்கூட இல்லை. இடது கையால் மவுசைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, பிரச்சினை வேற எங்கயும் இல்ல, மெமரியில எரர்" என்கிறார். எந்த இடம் என்று வலது கை விரலை நீட்டிக் காட்ட வேறு செய்கிறார். விரல் நுனியில் குழம்பு. அது என் மகனுடைய புதுப் பெட்டிக்குள் சொட்டிவிடுமோ என்று நான் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்கிறேன். 

நான் யாரையும் குறை சொல்லுகிறவள் இல்லை. காலையில் முழங்காலில் நின்றால் எல்லார் பேரையும் சொல்லித்தான் எழும்புவேன். எட்வின் பேரையும் சொல்லுவேன். அந்தக் கம்ப்யூட்டர் கடை சுடலைமணி பேரையும் சொல்லுவேன். ஆனாலும் அசிங்கத்தை அசிங்கம் என்றுதானே சொல்ல முடியும்.

இரு, பஸ் குலுக்குகிற குலுக்கலில் பை உன் காலில் இடிக்குது. மடியில் வைத்துக்கொள்கிறேன். கீழே வைக்கக்கூடாத சாமான். நீயும் சாயர்புரமா? ஸ்தோத்திரம். அப்போ நிதானமாகச் சொல்லலாம். உனக்கும் கம்ப்யூட்டர் படிப்புதானா! பார், யாரை எங்கே உட்கார வைக்கணும் என்று கர்த்தருக்குத் தெரியும்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் புறப்பட்ட அன்றைக்கு அவன் பெட்டிக்கு ஜெபம் பண்ணி, பூட்டிலும் கைப்பிடியிலும் எண்ணெய் தொட்டு வைத்தேன். சக்கரத்திலும் வைத்தேன். அது அப்படி வழுக்கிக்கொண்டு போச்சு. திரும்பி உருண்டு வரத்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான். அடுத்தவள் எப்சிபா, நாசரேத்தில் கட்டிக்கொடுத்தது. எட்வின் அவள் மாப்பிள்ளை, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். கடைக்குட்டி டைட்டஸ். இவன் ஒருத்தன்தான் என்கூட. இவங்க அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருமல் சத்தம் கேட்கிறது என்றால் அது இவனுடையது, இல்லாவிட்டால் என்னுடையது.

எண்ணெய் என்றதும் சமையல் எண்ணெய் என்று நினைத்துவிடாதே. ஒலிவ எண்ணெய். வருஷா வருஷம் கன்வென்ஷன் ஜெபக்கூட்டப் பந்தலில் வைத்து ஜெபித்து வாங்குவது. சின்னக் குப்பி, எப்போதும் என் பைக்குள் இருக்கும். எங்கள் வீட்டுக்கு பைக் வந்தாலும் சரி, பிரிட்ஜ் வந்தாலும் சரி, என் விரல் படாமல் உள்ளே வராது. கேஸ் அடுப்பு பத்த வைக்கிற குமிழுக்குக்கூட வைத்திருக்கிறேன். டைட்டஸ் சிரிப்பான். "எம்மா, பிரிட்ஜ் பாவமா பண்ணிச்சு?" என்பான். சிரிக்கட்டும்.

அவனுக்கு பெங்களூர் கம்பெனி வேலை. கட்டப்போகிற வீட்டைக் கட்டி முடித்த மாதிரியே படமாக்கிக் காட்டுவான். சன்னல் வழியாக வெயில் எவ்வளவு தூரம் விழும், சோபா மேலே விழுமா தரையில் விழுமா, அதெல்லாம் தெரியும். வீட்டில் இருந்தே செய்யலாம் என்றார்கள். ஆனால் பெரிய மெஷின் வேணும், வேலை தடைபடக் கூடாது, தடைபட்டால் பெங்களூரில் வந்து உட்காரணும் என்றார்கள். அவ்வளவுதான் விஷயம். பெட்டி ஓடினால் பிள்ளை இங்கே இருப்பான், ஓடாவிட்டால் அங்கே போய்விடுவான். என் ஜெபம் முழுக்க அந்தப் பெட்டியைச் சுற்றியே கிடந்தது என்றால் இதுதான் காரணம்.

முழுசாக வாங்கினால் நல்ல மெஷின் கிடைக்காதாம். சாமான் சாமானாக சுடலைமணி கடையில் வாங்கி, எட்வின் எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். சாப்பிடுகிற மேசை பாப்பா! அதில் பிளாஸ்டிக் நாற்றமும் திருகாணியும். ஏதோ ஒரு சில்லு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பசையைப் பிதுக்கினார். நோய் வந்த மாட்டு மூக்கில் வழியுமே, அதே நிறம். மிச்சத்தை மேசை விளிம்பிலே இழுவினார். மூன்று தடவை கழுவியும் எனக்கு அந்த இடத்தில் தட்டு வைக்க மனசு வரவில்லை. பெட்டியின் கண்ணாடிக் கதவுக்குள்ளே ஊதாவும் பச்சையுமாக லைட்டு வேறு. வேலை செய்கிற சாமானா, பொருட்காட்சி ராட்டினமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு கெத்து அத்தை" என்றார். கெத்தாம்.

ஆனால் ஒன்று, கேட்டால் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு பட்டையை எடுத்துக் காட்டினார். சீப்பு நீளம் இருக்கும். "இதான் அத்தை மெமரி. கம்ப்யூட்டர் வேல செய்யும்போது எல்லாத்தையும் இதுலதான் அப்போதைக்கு வச்சுக்கிடும். கீழ பாருங்க, பல்லு வரிசை மாதிரி தங்க முலாம். அது பள்ளத்துல சரியா ஒட்டணும். ஒட்டலன்னா மொத்தமும் படுத்துரும்."

நான் எட்டாம் வகுப்புதான். மற்றதெல்லாம் எனக்குப் பிடிபடவில்லை. மனசு அந்தப் பல்லிலேயே நின்றுவிட்டது. மொத்த வீடும் இந்தப் பல்லில்தான் தொங்குது என்று தோணிப்போச்சு. அவர்கள் இரண்டு பேரும் எழும்பிக் காபி குடிக்கப் போனார்கள். நான் என் கடமையைச் செய்தேன்.

ஓடினது. ஒரு வாரம் நல்லாத்தான் ஓடினது. ஈஸ்டருக்கு மறுநாள் திரை திடீரென்று நீலமாகிவிட்டது, அதில் ஒரு அழுகிற முகம். டைட்டஸ் செய்துகொண்டிருந்த வேலை எல்லாம் போச்சு. அப்போதுதான் குழம்புக் கையோடு எட்வின் வந்து நின்றது.

கை கழுவிவிட்டு வந்து ஒரு சோதனை ஓடவிட்டார். கறுப்புத் திரையில் வெறும் எண்ணாக ஓடும். நல்லா இருந்தால் அது பாட்டுக்கு ஓடும், பிசகு இருந்தால் சிவப்பாக ஒரு கோடு வரும். வந்தது பார், ஒன்றன் கீழே ஒன்றாக, மழைக்குச் சுவரில் மரவட்டை ஏறுகிற மாதிரி. எனக்குப் பார்க்கவே உடம்பு கூசிவிட்டது. ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு மற்றதை வைத்து ஓட்டினார், சிவப்பு. இதைக் கழற்றிவிட்டு அதை வைத்தார், சிவப்பு. பள்ளத்தை மாற்றி வைத்தார், அதுவும் சிவப்பு.

"ரெண்டும் ஒண்ணுபோலக் கெட்டுப்போவுமா மாப்ள? நடக்காதே" என்று டைட்டஸிடம் சொல்லிக்கொண்டே தலையைச் சொறிந்தார். சொறிந்த விரலாலேயே பட்டையை எடுத்தார். சீ. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஒரு அழிரப்பர் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்குமே, அதுதான். அந்தத் தங்கப் பல்லை அதால் அழுத்தித் தேய்த்தார். ரப்பரில் கறுப்பாக ஒட்டினது.

"என்ன மாப்ள, புதுப் பட்டையில இப்பிடிப் பிசுபிசுன்னு வருது?" என்று மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார்!

குழம்புக் கை பட்டால் பிசுபிசுக்காமல் பிச்சிப்பூ மணக்குமா? கேட்க முடியுமா? மருமகன் அல்லவா.

தேய்த்து வைத்ததும் சிவப்பு ஒன்றுகூட வரவில்லை. டைட்டஸ் எழும்பி எட்வினைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அத்தான், நீங்க இல்லன்னா நான் இந்நேரம் பெங்களூர் பஸ்ல இருப்பேன்" என்றான். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குக் கண்ணாடிக் கதவைச் சாத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். விடியற்காலை ஜெபத்துக்கு எழும்பினேன். இவ்வளவு பெரிய உபகாரத்துக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? இந்தத் தடவை பட்டை உட்காருகிற பள்ளத்துக்கும் சேர்த்து வைத்தேன்.

அந்த வாரமே திரும்பவும் அழுகிற முகம்.

என்ன? சொல்லு... இல்லை, இரு, இந்தக் கடைக்காரன் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும்.

பட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனோம், நானும் டைட்டஸும். சுடலைமணி சின்ன வயசுக்காரன்தான். வாயில் எப்போதும் எதையோ அடக்கிவைத்திருப்பான். சுண்டுவிரலில் ஒரு நீள நகம் வளர்த்திருக்கிறான், அது எதற்கு என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"என்னண்ணே, வட சுட்ட கையோட தூக்கிட்டு வந்துட்டியளா?"

"எங்க வீட்ல வடை சுட்டே மாசக்கணக்காகுது" என்றேன் நான்.

"அப்போ யாரு கையோ படுது எம்மா. பல்லுல எண்ணெய்ப் பச. அதுல தூசி போய் ஒட்டுது. பொறவு எப்பிடி வேல செய்யும்?"

யார் கை என்று எனக்குத் தெரியாதா? மகன் முன்னால் மருமகனை விட்டுக்கொடுக்கலாமா? அடுத்து அவன் செய்ததைக் கேள். பட்டையை வாய்க்குக் கிட்டே பிடித்து, "ஃபூ" என்று ஊதினான். வாய் நிறையச் சாறு அவனுக்கு. தெறித்தது பாப்பா, நான் கண்ணால் பார்த்தேன். சட்டைத் துணியாலேயே துடைத்தான். பிறகு ஏதோ மருந்தைத் தொட்டுத் துலக்கினான், அவனுடைய மெஷினில் மாட்டினான். "பாத்துக்கிடுங்க, ஒரு செவப்புக்கூட இல்ல. பட்ட சுத்தத் தங்கம்" என்றான். மருந்தாவது ஒன்றாவது, எச்சில் எச்சில்தானே?

வீட்டுக்கு வந்து டைட்டஸ் மாட்டினான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எச்சில் பட்ட தட்டையே எங்கள் வீட்டில் புளி போட்டுத் தேய்த்துத்தான் எடுப்போம். என் பிள்ளை பிழைப்பே தொங்குகிற சாமானில் ஊரான் எச்சில். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கதவை இழுத்தேன். காந்தம்தான், இழுத்தால் வந்துவிடும். இரண்டு பக்கமும் சின்னக் கொண்டி இருக்குது, தட்டினால் பட்டை தானாக எழும்பும். எட்வின் செய்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கே பழகிப்போச்சு. வெள்ளைத் துணியால் நல்லாத் துடைத்தேன். பிறகு குப்பியைத் திறந்து, ஒவ்வொரு பல்லாக, விட்டுப்போகாமல், சின்னப்பிள்ளைக்கு விரலால் பல் விளக்கிவிடுகிற மாதிரி...

ஏன் நெற்றியில் கை வைக்கிறாய்? பஸ் குலுக்கலா? சன்னலைக் கொஞ்சம் திறந்துவிடு, காற்று வரட்டும். நம்ம தூத்துக்குடி ரோட்டுப் புதுக்கோட்டை தாண்டிவிட்டோம்.

அன்றைக்குச் சாயந்தரமே சிவப்பு. பார்த்தாயா? எச்சிலின் சக்தி அப்படி. எட்வின் நாசரேத்திலிருந்து வந்து திரும்பவும் ரப்பர் போட்டார். பள்ளத்தை ஒரு பிரஷால் சுரண்டினார். "மாப்ள, நீ என்ன, பஜ்ஜி தின்னுக்கிட்டா வேல பாக்கே?" என்று டைட்டஸை அதட்டுகிறார். "நான் தொடவே இல்ல அத்தான், சத்தியமா" என்கிறான் பிள்ளை. அந்த அநியாயத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு நான் அடுக்களையில் நின்றேன்.

இந்த நேரத்தில் கன்வென்ஷன் வந்தது. எனக்குப் போக மனசில்லை. ஆனால் போனேன், குப்பியும் தீர்ந்திருந்தது. கூட்டம் முடிகிற வரைக்கும் அங்கேதான் பந்தலில் பாய் விரித்துப் படுத்தோம். கால் வீங்கிப்போச்சு. விடாமல் ஜெபித்தேன். அங்கே போயிருந்த நாள் முழுக்க, கேட்டுக்கோ, பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. டைட்டஸ் போன் பண்ணினான். "எம்மா, பெட்டி சும்மா பறக்குது! நீ அங்கயே இருந்து இன்னும் நாலு நாள் ஜெபம் பண்ணிட்டு வாயேன்" என்றான். பிள்ளை கிண்டல் பண்ணினாலும் உண்மையைத்தான் சொன்னான். பக்கத்தில் இருந்த அம்மாமார் எல்லாரையும் கூப்பிட்டுச் சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

புதுக் குப்பியோடு வீட்டுக்கு வந்தேன். முதல் வேலை என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும்.

மறுநாள், கோயம்புத்தூரில் கட்டப்போகிற ஒரு பெரிய வீட்டுப் படத்தை அவன் கம்பெனிக்கு அனுப்பணும். வாரக்கணக்கில் செய்த வேலை. முடிகிற நேரத்தில் நீலம். திரும்பப் போட்டால் படம் திறக்கவே இல்லை. டைட்டஸ் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அழுகிற முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தான். ஸ்டூலைப் போட்டுப் பரணில் இருந்த பெட்டியை இறக்கினான். சக்கரம் வைத்த பெட்டி பாப்பா. எங்கள் வீட்டுக்கு அந்தச் சக்கரம் ஒத்துவராது.

"போகத்தான் போறியா?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? இது ஒழுங்கா ஓடுனா நான் ஏன் போறேன்? உன் மீன்கொழம்ப விட்டுட்டு, சாம்பார்ல சீனி போடுத ஊர்ல போய்க் கெடக்கணும்னு வேண்டுதலா?"

"இன்னும் ஒரு தடவ பாரேன் ராசா."

"எத்தனை தடவம்மா பாக்க? கம்பெனில திங்கக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காவ."

எட்வினிடம் நானே போன் பண்ணி அழுதேன். அவர் சொன்னார், "அத்தை, கடைசியா ஒண்ணு பாப்போம். புத்தம்புதுப் பட்டை போடுவோம். பெட்டியையும் நானே வந்து அக்குவேறா கழத்திச் சுத்தம் பண்ணுதேன். இதுக்கும் செவப்பு வந்தா நான் கையத் தூக்கிருவேன், டைட்டஸ் போகட்டும்." அவர் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். காலையிலிருந்து கழற்றிக்கொண்டிருக்கிறார். டைட்டஸுக்குப் போனில் மீட்டிங். அதனால் பட்டை வாங்க நான் புறப்பட்டேன். யாரையும் நம்பி அனுப்ப எனக்கு மனசில்லை.

இதோ, இந்தப் பைக்குள் இருக்கிறது அதுதான்.

சுடலைமணி பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, திரும்ப உறைக்குள் வைத்தான். எனக்கு ஒரு பிரசங்கமே பண்ணினான். "எம்மா, இத வழியில பிரிக்கப்படாது. உங்க மருமகன் கையிலதான் குடுக்கணும். அந்தப் பல்லுல ஒருத்தர் வெரலும் படப்படாது. எண்ணெய்ப் பச பட்டுது, அவ்வளவுதான், உங்க மவன் பெங்களூர்தான்." அடுக்களையில் நிற்கிற பொம்பிளை என்றாலே இவன்களுக்கு எண்ணெய்க் கை. சோப்புப் போட்டுக் கழுவாமல் நான் ஒரு சாமானைத் தொட்டிருப்பேனா? என் வீட்டுச் சமையல் எண்ணெய் ஒரு துளி அந்தப் பெட்டிப் பக்கம் போயிருக்குமா? எனக்கு முகமே சிவந்துவிட்டது.

இவ்வளவும் பேசிவிட்டு உறையை மூட டேப்பை இழுத்தான். கத்திரி கைக்கு எட்டவில்லை. என்ன செய்தான் தெரியுமா? பல்லால் கடித்தான். அந்த வாயால்! கடித்த நுனியில் சிவப்பாக ஈரம். அதை அப்படியே இந்த உறை மேலே ஒட்டி, தட்டிக்கொடுத்து, "கொண்டு போங்க" என்று சிரிக்கிறான். இதோ பார், இந்த ஓரம், தெரியுதா? கறை காய்ந்து நிற்குது. ஏறினதிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

இதைப் போய் அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோகச் சொல்லுகிறாயா? எட்வின் வாசலிலேயே நிற்பார், முறுக்கு தின்ற கையோடு வாங்கிவிடுவார். அதற்குப் பிறகு நான் கிட்டே போக முடியாது. திங்கட்கிழமை பிள்ளை பரண் பெட்டியை உருட்டிக்கொண்டு போவான். நான் ஒருத்தி இருமிக்கொண்டு கிடப்பேன். கடைசித் தடவை என்கிறார்கள், இந்தத் தடவை எதிலும் குறை வைக்கக் கூடாது பாப்பா.

என்ன, அப்போதே பிடித்து "அம்மா ஒண்ணு சொல்லணும், ஒண்ணு சொல்லணும்" என்கிறாய்? சொல்லு, தாராளமாகச் சொல்லு, கேட்கிறேன். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை, உனக்குத் தெரியாததா.

அதற்கு முன்னால் இந்த டேப்பை மட்டும் உன் நகத்தால் கொஞ்சம் கீறிக் கொடு. எனக்கு அந்த எச்சிலைத் தொட முடியவில்லை. நீ கீறு, நான் குப்பியைத் திறக்கிறேன்.